மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்க தம்பி. நான் கேட்க மாட்டேன். கேட்டா நீங்க பட்டுனு எந்திரிச்சுக் குடுத்திருவீங்க, முகத்தைப் பார்த்தாலே தெரியுது. பேரம் பேசாமக் கிடைக்கிற எடத்துல உட்கார்ந்தா எனக்கு முதுகு வலிக்கும்.

கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான். தங்கச்சிக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். நெஞ்சுல ஒரு வால்வு சரியா மூட மாட்டேங்குதாம். இன்னைக்கே படுக்க வெச்சுட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இன்னைக்கு மூணாவது ஞாயிறு. இது என்னோட ஞாயிறு இல்லை. எனக்கு ரெண்டாவதும் நாலாவதும்தான். நான் போறது ஆஸ்பத்திரிக்கு, வீட்டுக்கு இல்லை. அங்க குழந்தை இருந்தா அதுக்கு நான் பொறுப்பில்லை.

புரியலைங்களா? சொல்றேன். என்னை ஏமாத்திட்டாங்க தம்பி. கூடப் பிறந்தவளே ஏமாத்திட்டா. நீங்க வெளியாள், நீங்களே நியாயம் சொல்லுங்க.

நமக்கு லாரி புரோக்கர் தொழிலுங்க. பழைய லாரி. வாங்கறவனுக்கும் விக்கறவனுக்கும் நடுவுல நிக்கறது. சங்ககிரி ஸ்டாண்டுல வந்து அர்த்தனாரின்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் கும்பிடுவான், பாதிப் பேர் திட்டுவான், ரெண்டும் ஒரே அர்த்தந்தான். பள்ளிக்கூடம் நாலாவதோட சரி. மீதிப் படிப்பெல்லாம் செக்போஸ்ட்டுல. அங்க படிச்சது என்னன்னா, வேணுங்கிற வண்டியைத் திரும்பியே பார்க்கக் கூடாது, பக்கத்து வண்டி டயரைத்தான் உதைச்சுப் பார்க்கணும். எதிராளி சொல்ற முதல் பேச்சுக்குத் தலையாட்டக் கூடாது, அவன் தங்கத்தையே நீட்டினாலும் சரி. படியலைன்னா எந்திரிச்சு வாசலைப் பார்த்து நடக்கணும். நடந்தாத்தான் கூப்பிடுவான்.

தங்கச்சி பேரு வளர்மதி. என்னைவிடப் பன்னெண்டு வயசு சின்னவ. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போயிட்டாங்க, நான்தான் வளர்த்தேன். கோயமுத்தூர்ல பாலிடெக்னிக்ல கணக்கு வாத்தியார். அவளுக்கு நான் பார்த்த மாப்பிள்ளைகளை ஏத்தினா ஒரு லோடு வரும். ஒருத்தனையும் வேண்டாம்னுட்டா. கடைசில ஒருநாள் நேரா வீட்டுக்கே வந்து நின்னுட்டு, "அண்ணா, இனிமேல் மாப்பிள்ளை பார்க்காதீங்க. நானும் பிரிசில்லாவும் குடும்பமா இருக்கோம்"ங்கறா.

"குடும்பம்னா?"

"நீங்களும் அண்ணியும் இருக்கற மாதிரி."

நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு நாற்காலி உடைஞ்சுது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலிங்க, ஏற்கெனவே கால் ஆடிட்டுத்தான் இருந்துது.

அந்தப் பொண்ணு மார்த்தாண்டத்துக்காரி. பிசியோதெரபி. கை கால் விழுந்தவங்களைப் பிடிச்சு நடக்க வைக்கற வேலை. ஒல்லி உடம்பு, கணீர்னு குரல். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் இல்லை.

கொஞ்ச வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் ஒருநாள் வளர்மதி வந்தா. குழந்தை தத்தெடுக்கப் போறாங்களாம். ரெண்டு பொம்பளைங்களுக்குச் சேர்த்துக் குடுக்கச் சட்டத்துல எடமில்லை. தனியா ஒருத்தி எடுக்கலாம். அதனால வளர்மதி பேர்ல மட்டும். அதுக்கும் ஒரு சொந்தக்காரன் எழுதிக் குடுக்கணும், இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா குழந்தையை நான் பார்த்துக்கறேன்னு. அதே வீட்டுல இருந்து, ராத்திரி எந்திரிச்சுப் பால் கலக்கப் போற அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தாச் செல்லாது. நாற்காலி உடைச்ச நான் எழுதிக் குடுத்தாச் செல்லும். அன்னைக்குத்தான் தம்பி எனக்குச் சட்டத்து மேல ஒரு மரியாதையே வந்துது.

சும்மா போடுவேனா? "நம்ம சொந்தபந்தத்துல கல்யாணம் காட்சி, கோயில் குளம், எதுக்கும் அந்தப் பொண்ணு வரக்கூடாது. சரின்னாப் பேனாவைக் குடு"ன்னேன். வளர்மதி என் முகத்தையே பார்த்துட்டு இருந்தா. அப்புறம் குடுத்துட்டா. நல்ல பேரம். அதுக்கப்புறம் எங்க விசேஷம் எதுலயும் அந்தப் பொண்ணு கால் வெச்சதில்லை. வளர்மதியும் வெச்சதில்லை, அது வேற விஷயம்.

குழந்தை வந்துது. தாமிரான்னு பேர் வெச்சாங்க. ஒண்ணரை வயசு இருக்கும். கையெழுத்துப் போட்டவன் சரக்கைப் பார்க்க வேண்டாமா? போனேன். என்னைப் பார்த்ததும் வீல்னு ஒரு அழுகை. நல்ல ஹாரன். அடுத்த தடவை மீசையைப் பிடிச்சுத் தொங்குச்சு. அதுக்கப்புறம் கோயமுத்தூர்ப் பக்கம் எந்த வண்டி கிளம்பினாலும் நானும் கேபின்ல ஏறிக்குவேன். வண்டி விஷயமாத்தான். அந்த ஊர்ல வண்டி விஷயம் நிறைய இருக்குங்க. இப்ப ஆறு வயசு. வளர்மதியை அம்மாங்கும், அந்தப் பொண்ணை மம்மிங்கும், என்னை மாமாங்கும். "மாமா, லாரி முன்னாடி போறப்பப் பாடாம ரிவர்ஸ்ல போறப்ப மட்டும் ஏன் பாடுது?"ன்னு கேட்கும். முப்பது வருஷமா லாரியோட கிடக்கறேன், எனக்குத் தோணலை பாருங்க.

இப்படி ஒழுங்காப் போயிட்டு இருந்துதா, போன ஆடி மாசம் வளர்மதிக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குது. வால்வு மாத்தணும்ங்கறாங்க. உடனே என்ன பண்ணணும்? திருச்செங்கோட்டு மலைக்கு வந்து வேண்டிக்கணும். இவங்க வக்கீல்கிட்டப் போனாங்க. நஸ்ரீன்னு ஒரு வக்கீலம்மா. அந்தம்மா எனக்கே போன் பண்ணுது. வளர்மதி உயில் எழுதறாங்களாம், அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னாக் குழந்தைக்குக் கார்டியன் பிரிசில்லாதானாம்.

"ஆனா ரத்த சொந்தம் யாராவது கோர்ட்டுக்குப் போனா, என்ன தீர்ப்பு வரும்னு என்னால உறுதி சொல்ல முடியலைங்கய்யா. வளர்மதிக்கு நெருங்கின சொந்தம் நீங்க ஒருத்தர்தான். எனக்கு ஆட்சேபனை இல்லைன்னு ஒரு பிரமாணப் பத்திரம் குடுத்துட்டீங்கன்னா, அவங்க நிம்மதியா ஆபரேஷனுக்குப் போவாங்க."

வந்துது பாருங்க எனக்கு! பார்த்துக்கறேன்னு எழுதிக் குடுத்தது யாரு? நானு. செத்தா போயிட்டேன்? உயிரோட இருக்கறப்பவே என் எடத்துல இன்னொரு ஆளைப் போடறாங்க! போனைத் தூக்கி எறிஞ்சுட்டு நம்ம ஊர் வக்கீல் குமரகுருகிட்டப் போனேன். பைனான்ஸ்காரன் வண்டியைத் தூக்கிட்டான்னா மீட்டுக் குடுக்கறவர். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அண்ணே, கேஸ் ஸ்ட்ராங்கு. அந்தப் பொண்ணு பேர்ல ஆர்.சி.யும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. இத்தனை நாள் ஓட்டின டிரைவர், அவ்வளவுதான். ஓனர் போயிட்டா டிரைவருக்கு என்ன பாத்தியதை? சுளுவாப் பிடிச்சுரலாம்"ன்னார்.

எனக்கு அப்படிச் சந்தோஷம். அதே சந்தோஷத்தோட வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சோறு எறங்கலை. குழம்புல காரம் ஜாஸ்தி.

அடுத்த வாரமே கோயமுத்தூர் போனேன். வளர்மதி சோபாவுல சாய்ஞ்சு கிடந்தா. வக்கீலம்மா நாற்காலியில. அந்தப் பொண்ணு டீ போட்டுட்டு இருந்துது. குழந்தை கீழ உட்கார்ந்து கலர் பென்சில்ல என்னமோ கிறுக்கிட்டு இருந்துது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லைங்க. தொழில் தெரிஞ்சவன் திரும்ப மாட்டான். சுவத்தைப் பார்த்து, "ஓதம் ஏறியிருக்கே"ன்னேன். மாடிப்படி செங்குத்தா இருக்குன்னேன். பால்கனிக் கம்பிக்கு நடுவுல கன்னுக்குட்டியே பூந்துரும்னேன். கடைசியாத்தான் போனாப் போகுதுன்னு குழந்தையைப் பார்த்தேன். "முன்பல்லு ரெண்டையும் காணோம். என்ன வளர்க்கறீங்க?"

"பால்பல்லாக்கும் அண்ணே, அது விழத்தான் செய்யும்"ன்னுது அந்தப் பொண்ணு.

"எனக்குத் தெரியாதாக்கும்?"

வக்கீலம்மா கேட்டுது, "ஐயா, உங்களுக்கு என்ன வேணும், நேராச் சொல்லிடுங்க." நேராச் சொல்றதாம். அந்தம்மாவுக்குத் தொழிலே தெரியலை.

நான் துருப்பை எறக்கினேன். "கேஸ் போடறேன். குழந்தையை எடுத்துட்டுப் போறேன். நான் தாய்மாமன். இந்தப் பொண்ணு யாரு?"

அந்தப் பொண்ணு தட்டுல டம்ளரை எடுத்துட்டு வந்துட்டு இருந்துது. எனக்கும் குழந்தைக்கும் நடுவுல வந்து நின்னுக்குச்சு. ஜெயிச்சுட்டேன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. டீயை வாங்கிக் குடிச்சேன். சர்க்கரை போடலை. எனக்குச் சுகர்னு அதுக்கு யார் சொன்னாங்களோ.

அப்புறம் அந்தப் பொண்ணு எதிர்ல உட்கார்ந்து சொல்லுது: "கேஸு என்னத்துக்கு அண்ணே? எல்லா ஞாயித்துக்கிழமையும் வாருங்க. பள்ளிக்கூடம் லீவுன்னா பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. காதுகுத்து உங்க மடியிலதான். வேற யாரு மடியில இருத்த? பிள்ளைக்கு மாமன்னு நீங்க ஒருத்தர்தானே உண்டு."

கவனிச்சீங்களா? முதல் பேச்சு! நான் தலையாட்டுவேனா?

"எல்லா ஞாயிறுமா? என்னை என்ன வேலைவெட்டி இல்லாதவன்னு நெனைச்சீங்களா? மாசம் ஒண்ணுதான் வருவேன்!"

"ஒண்ணு காணாதே அண்ணே, பிள்ளை தேடும். மூணு ஞாயிறாவது வாருங்க."

"ஒண்ணுன்னா ஒண்ணு."

வளர்மதி துண்டால வாயைப் பொத்திட்டு இருந்தா. இருமல்னு நெனைச்சேன். "பிரிசி, அண்ணன் ரொம்பக் கறார். ரெண்டுல முடிச்சுக்கோ"ன்னா.

"ரெண்டு! ரெண்டாவதும் நாலாவதும்! அதுக்கு மேல ஒரு ஞாயிறு ஏறாது!"ன்னு தொடையில தட்டினேன். "லீவுக்கு ஒரு வாரந்தான் கூட்டிட்டுப் போவேன், முழு லீவெல்லாம் என்னால ஆகாது!" அதுக்கும் சரின்னுட்டாங்க. எதிர்ப்பேச்சே இல்லை. அப்படி அடிச்சிருக்கேன்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டே, "ஐயா, நீங்க எந்தப் பக்கத்துக்குப் பேரம் பேசறீங்க?"ன்னுது. படிச்சவங்களுக்கு இதெல்லாம் வெளங்காதுங்க.

சரி, பேசியாச்சு, கையெழுத்து? அதை மட்டும் கடைசி வரைக்கும் கையில வெச்சிருக்கணும். "யோசிச்சுச் சொல்றேன்"னு எந்திரிச்சு வாசலுக்கு நடந்தேன். நாலு எட்டு வைக்கறதுக்குள்ள கூப்பிடுவாங்க, எங்கயும் அதுதான் வழக்கம். ஒருத்தரும் கூப்பிடலை. குழந்தை மட்டும் தலையைத் தூக்கி, "டாட்டா மாமா"ன்னுது. செருப்பு வார் மாட்ட மாட்டேங்குது. குனிஞ்சு மெதுவா மாட்டிட்டு இருந்தேன். புதுச் செருப்புங்க.

அப்பத்தான் வளர்மதி, "எல்லாரும் கொஞ்சம் உள்ள போங்க. அண்ணா, நீங்க இங்க வாங்க"ன்னா. பக்கத்துல போய் நின்னேன்.

"அண்ணா, நான் ஆபரேஷன் டேபிள்லயே போயிட்டேன்னா..."

"வாயைக் கழுவு. வால்வுதானே? எத்தனை இன்ஜினுக்கு நான் மாத்தியிருக்கேன். மாத்தினாப் புது வண்டி மாதிரி ஓடும்."

"சரி, ஓடலைன்னு வெச்சுக்கோங்க. அன்னைக்கு ராத்திரி பாப்பா யாரைக் கட்டிப் பிடிச்சு அழும்?"

நான் திரும்பிச் சுவத்து ஓதத்தைப் பார்த்தேன்.

"நீங்க கேஸ்ல ஜெயிப்பீங்கண்ணா. ஜெயிச்சுருவீங்கன்னுதான் பயமா இருக்கு. ஜெயிச்சீங்கன்னா, பாப்பாவுக்கு நான் போனதோட சேர்த்து பிரிசியும் போயிருவா. ஆறு வயசுல ரெண்டு அம்மாவையும் தொலைச்சுட்டு அது உங்க வீட்டுல வந்து உட்காரும். உங்க மீசையைப் பிடிச்சு இழுக்குமா?"

"குழந்தைங்க மறந்துரும்."

"நான் மறந்தேனா? அப்பா போனப்ப எனக்குப் பத்து வயசு. பெரியப்பா என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு வண்டியே கொண்டு வந்துட்டாரு. பெரிய வீடு, ரத்த சொந்தம், ஊரே சரின்னுது. நீங்க அப்ப லாரி கிளீனர். ஏன் விடலை?"

"அவரு யாருடி உன்னை வளர்க்க? ஒருநாள் உனக்குச் சோறு ஊட்டியிருப்பாரா? உனக்குத் தலை வாரிச் சடை போட்டது யாரு? காய்ச்சல் வந்தா முழிச்சுட்டு இருந்தது யாரு? நான்தானே! சொந்தம்னு சொல்லிட்டா ஆச்சா?"

"அதைத்தாண்ணா நானும் சொல்றேன்"ன்னா.

எனக்குப் பதில் இல்லாம இல்லை தம்பி. நல்ல பதிலா நாலஞ்சு இருந்துது. ஆனா பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு. அதனால கையெழுத்துப் போட்டுட்டேன்.

போட்டாலும் சும்மா போடலை. ஒரு கண்டிஷன் புதுசாப் போட்டேன். காதுகுத்து அன்னைக்கு அந்தப் பொண்ணும் கோயிலுக்கு வந்து பக்கத்துலயே நிக்கணும்னு கறாராச் சொல்லிட்டேன். காது குத்தறப்பக் குழந்தை அலறும், நான் மடியில பிடிச்சுட்டு இருப்பேனா, சமாதானம் பண்ணிட்டு இருப்பேனா? சொந்தக்காரன் எவனாவது என்ன ஏதுன்னு கேட்டா, என்கிட்ட வந்து கேட்கட்டும். அந்தப் பொண்ணு உடனே ஒத்துக்குச்சு. கண்ணைத் தொடைச்சுட்டு ஒத்துக்குச்சு. வேற வழி? நான் அப்படி நெருக்கியிருந்தேன்.

இதுவரைக்கும் எல்லாம் நம்ம பக்கந்தான். ஏமாந்த கதை இனிமேத்தான்.

அடுத்த மாசம், மொத ஞாயிறு. காலையில குளிச்சு, சட்டை மாத்தி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். ஏறப் போறப்பத்தான் ஞாபகம் வருது, இன்னைக்கு என் ஞாயிறு இல்லை. திரும்பி வீட்டுக்குப் போனா, வீட்ல கேட்கறா, "ஏனுங்க, நாலு ஞாயிறும் வாங்கன்னு கெஞ்சினாங்களாமே? வளரு போன்ல சொன்னா. அதை ரெண்டாக்குனது எந்தப் புண்ணியவானுங்க?"

"பேரம் பேசத் தெரியாதவ பேசாத!"ன்னு கத்தினேன். ஆனா உட்கார்ந்து யோசிச்சுப் பார்த்தா எங்கயோ இடிக்குது. ரெண்டுல முடிச்சுக்கோன்னு சொன்னது யாரு? வளர்மதி. கணக்கு வாத்தியார்! அஞ்சு ஞாயிறு வர்ற மாசமெல்லாம் இருக்கு, அந்த அஞ்சாவது யாருக்குன்னு பேசவே இல்லை. அதெல்லாம் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அண்ணன் மொதப் பேச்சுக்கு எதிர்ப்பக்கந்தான் இழுப்பான்னு பொறந்ததுல இருந்து பார்த்தவ. ஏமாத்திட்டா தம்பி.

"வாங்களேண்ணா, யார் வேண்டாம்னா? பேப்பர்ல அப்படியெல்லாம் ஒண்ணும் எழுதலையே"ன்னு இப்பவும் சொல்றா. எப்படிப் போறது? பேசினது பேசினதுதான். ஸ்டாண்டுல சொன்ன சொல் மாறினவனுக்கு ஒருத்தன் டீ சொல்ல மாட்டான். அதனால மத்த ஞாயிறெல்லாம் பேசாம வீட்டுல படுத்துக் கெடக்கறேன். கூரையைப் பார்த்துட்டுப் படுத்துக் கெடந்து பாருங்க, ஞாயித்துக்கிழமைங்கறது எம்மாம் பெரிய கிழமைன்னு தெரியும்.

இருங்க, போன் அடிக்குது.

ஆ, சொல்லு. அவிநாசி தாண்டிட்டேன். என்ன? கத்திச் சொல்லு. யாரு செல்லாதுன்னது? நீ அழுவாத மொதல்ல. போனை அந்தக் கவுண்ட்டர்காரன்கிட்டக் குடு. குடுன்னா குடு!

கேட்டீங்களா தம்பி? அந்தப் பொண்ணுதான் பேசுது. ஆபரேஷன் காகிதத்துல கூட இருக்கற சொந்தக்காரங்களும் கையெழுத்துப் போடணுமாம். அந்தப் பொண்ணு போட்டா வாங்க மாட்டானாம். சொந்தம் எதுவும் வரலைன்னா ஆபரேஷனைத் தள்ளி வெச்சுருவோம்ங்கறானாம். இருங்க, வந்துட்டான்.

ஏப்பா, யாரு பேசறது? கவுண்ட்டரா? நான் அர்த்தனாரி, பேஷண்ட்டோட அண்ணன். வந்துட்டே இருக்கேன். வர்ற வரைக்கும் எதுக்கு நிறுத்தி வெக்கற? அங்க நிக்குதே, அந்தப் பொண்ணுகிட்ட வாங்கிக்கோ. ஃப்ரெண்டா? ஃப்ரெண்டுன்னு எவன் சொன்னான்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தது அது, ஆறு மாசமா ராத்திரி முழிக்கறது அது, மாத்திரை பேரெல்லாம் அதுக்குத்தான் தெரியும். எனக்கு என்ன தெரியும்? என் கையெழுத்து செல்லும், அது கையெழுத்து செல்லாதா? எவன்யா சொன்னான்?

உறவுமுறையா? எழுதணுமா?

உறவு என்னன்னா...

இரு. ஏப்பா, உனக்குத் தங்கச்சி இருக்கா? கல்யாணம் ஆயிருச்சா? அவளோட குடும்பம் நடத்தறவனை நீ என்னன்னு கூப்பிடுவ? ஆங், அதான்! அதையே எழுது. மாப்பிள்ளை! எங்க வீட்டு மாப்பிள்ளைன்னு எழுது! பொம்பளைதான்யா, எனக்குத் தெரியாதா? பொம்பளைதான். மாப்பிள்ளைன்னே எழுது! அலோ? அலோ!

வெச்சுட்டான்.

என்ன, பஸ்ஸே திரும்பிப் பார்க்குது? நீங்களும் சிரிக்காதீங்க தம்பி. காகிதத்துல ஒரு கட்டம் போட்டிருந்தா அதுல என்னத்தையாவது எழுதித்தானே ஆகணும்? வேற வார்த்தை வெச்சிருக்கீங்களா, சொல்லுங்க. இல்லையில்ல?

கண்டக்டர், டிரைவரைக் கொஞ்சம் மிதிக்கச் சொல்லுங்க! இதே வேகத்துல போனாப் பொங்கலுக்குத்தான் போய்ச் சேருவோம்.

போன்ல பேசினதாலதான் தம்பி அவன் வெச்சுட்டான். நேர்ல போய் உட்கார்ந்துட்டேன்னா பாருங்க. நேருக்கு நேர் பேரத்துல நான் இன்னைக்கு வரைக்கும் தோத்ததே இல்லைங்க.